இடித்தது லாரி, பழி பாலத்துக்கு

வட கரோலினாவில் இருக்கும் டர்ஹம் நகரத்துக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் கொஞ்ச நாளிலேயே இரண்டு விஷயம் காதில் விழும். ஒன்று டியூக் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி. இன்னொன்று கிரெக்சன் தெருவுக்கு மேலே போகும் ரயில் பாலம். கூடைப்பந்தைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் பாலத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பாலம் என்றதும் பாம்பன் மாதிரி எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தெருவின் அகலம்தான் அதன் நீளம். கீழே தெற்குப் பக்கம் மட்டும் போகும் ஒருவழிச் சாலை. மேலே தண்டவாளம். சரக்கு வண்டிகளும், ராலே - ஷார்லட் இடையே ஓடும் ஆம்ட்ராக் ரயிலும், நியூயார்க் போகும் ரயிலும் அதன் மேல்தான் போகின்றன. கட்டியது 1940-இல். சாலைக்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் நடுவே விட்ட இடைவெளி 11 அடி 8 அங்குலம், மீட்டர் கணக்கில் 3.56. அந்த அளவே அதன் பெயராகிவிட்டது. இணையத்தில் '11 அடி 8' என்று தேடினால் வீடியோ வீடியோவாக வரும். கூரை உரிந்து சுருண்டு நடுரோட்டில் கிடக்கும் டிரக்குகள், மேலே இருந்த ஏசி பெட்டி பறந்துபோன கேம்பர் வண்டிகள். உள்ளூரில் 'கேன் ஓப்பனர்' என்று பட்டப்பெயர்.

அந்த வீடியோக்களைப் பார்த்து உலகமே சிரிக்கிறது. என்னால் சிரிக்க முடிவதில்லை. எங்கள் ஊர் சங்ககிரிப் பக்கம். வீட்டுக்கு வீடு லாரி. அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். கூரை கிழிந்த லாரியைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, அந்த வண்டிக்கு மாசம் எவ்வளவு தவணை போகிறதோ என்பதுதான். அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்தப் பாலத்தின் கதையைத் துருவ ஆரம்பித்தேன். துருவத் துருவ, அது விபத்துக் கதையாக மட்டும் இல்லை. ஒரு ஊர் எப்படி உண்டாகிறது, உண்டான பிறகு ஏன் ஒரு அங்குலம் நகர்த்தக்கூட இத்தனை பாடுபடுகிறது என்பதெல்லாம் அந்த ஒரு முக்கில் அடுக்கி வைத்திருக்கிறது.

டர்ஹமில் ஊருக்கு முன்னால் வந்தது ரயில். 1849-இல் நார்த் கரோலினா ரெயில்ரோடு என்ற கம்பெனிக்கு மாநிலம் அனுமதி கொடுத்தது. கிழக்கே கோல்ட்ஸ்பரோவிலிருந்து மேற்கே ஷார்லட் வரை 223 மைல். நடுவில் வண்டி நின்று தண்ணீரும் விறகும் எடுத்துக்கொள்ள ஒரு நிலையம் வேண்டியிருந்தது. பார்ட்லெட் டர்ஹம் என்ற மருத்துவர் தன் நிலத்தில் நாலு ஏக்கர் கொடுத்தார். நிலையத்துக்கு அவர் பெயர், பிறகு ஊருக்கும் அவர் பெயர். 1856-இல் பாதை முழுக்க முடிந்தது. ஒன்பது வருடம் கழித்து, 1865 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிகிற நேரத்தில், இந்த நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி பென்னட் என்கிற விவசாயியின் வீட்டில்தான் தென் மாநிலப் படையின் ஜான்ஸ்டன் வட மாநிலப் படையின் ஷெர்மனிடம் சரணடைந்தார். பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் இங்கே இருந்த புகையிலைக் கிடங்கைக் காலி பண்ணிவிட்டு வீட்டுக்குப் போனார்கள், போன இடத்திலிருந்து 'இன்னும் வேண்டும்' என்று கடிதம் எழுதினார்கள், அதில்தான் ஊரின் புகையிலை வியாபாரம் பிடித்துக்கொண்டது என்று இங்கே சொல்வார்கள்.

அதற்குப் பிறகு டியூக் குடும்பம், சிகரெட் இயந்திரங்கள், 1890-இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி, 1911-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரித்தது என்று பெரிய கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: புகையிலை ஆலையும் கிடங்கும் எல்லாம் தண்டவாளத்தை ஒட்டியே எழுந்தன. பாலத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கு பிரைட்லீஃப் ஸ்கொயர் என்று உணவகமும் கடையுமாக இருக்கிறதே, அந்தச் செங்கல் கட்டடங்கள் புகையிலையைப் பதப்படுத்தி வைத்த கிடங்குகள். 1904 வாக்கில் கட்டியவை. 1981-இல் கடை வளாகமாக மாற்றினார்கள். சுவரைக் கையால் தடவிப் பார்த்தால் செங்கல் வரிசையிலேயே வேலைப்பாடு தெரியும். புகையிலைக்கு அப்படி ஒரு மாளிகை கட்டியிருக்கிறார்கள்.

ஆக, ரயில், கிடங்கு, தெரு மூன்றும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கிற இடம் அது. அங்கே 1940-இல் ஒரு பாலத்தைப் போட்டு, தெருவை அடியில் விட்டார்கள். அன்றைக்கு ஓடிய லாரிகளுக்கு 11 அடி 8 அங்குலம் தாராளம். போட்டவர்கள் மேல் குறை சொல்ல இடமே இல்லை. வண்டிகள்தான் பிறகு வளர்ந்தன. 1956-இல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. புதிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு 16 அடி இடைவெளி என்று பின்னால் வரையறை வைத்தார்கள். ரோடு உயர்ந்தால் லாரி உயராமல் இருக்குமா? இன்றைக்கு வட கரோலினாவில் ஒரு லாரி 13 அடி 6 அங்குலம் வரை உயரமாக இருக்கச் சட்டமே அனுமதிக்கிறது. பெட்டி வைத்த வண்டி கட்டுகிறவர்கள் அந்த எல்லை வரைக்கும் உயர்த்திக் கட்டுகிறார்கள், ஒரு அங்குலம் கூடினால் அவ்வளவு சரக்கு கூடும் என்று. பாலம் மட்டும் 1940-லேயே நின்றுகொண்டிருந்தது.

பாலத்தின் முன்னால் ஒரு தடித்த இரும்பு உத்திரம் குறுக்கே கட்டியிருக்கிறது. வீடியோக்களில் லாரியைக் கிழிப்பது பெரும்பாலும் பாலம் இல்லை, இந்த உத்திரம்தான். இதை லாரிக்காரனைக் காப்பாற்ற வைத்ததாக நினைக்கிறார்கள். இது ரயிலைக் காப்பாற்ற வைத்தது. லாரி நேராகப் பாலத்தில் மோதினால் பாலம் பக்கவாட்டில் நகரலாம். பாலம் நகர்ந்தால் மேலே தண்டவாளம் நகரும். அடுத்து வருகிற ரயிலில் இருப்பவர்களின் கதி என்ன? அதனால் அடியை உத்திரம் வாங்கிக்கொள்கிறது. வாங்கி வாங்கி அது வளைந்து, மாற்றியும் இருக்கிறார்கள். ரயில்வேயைக் கேட்டால் அவர்கள் கணக்கில் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட்டது. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான பயணிகள் மேலே போகிறார்கள்.

இந்த இடம் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது யூர்கன் ஹென் என்பவரால். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அடிக்கடி வெளியே 'தடால்' என்று சத்தம் கேட்கும், எட்டிப் பார்த்தால் ஒரு டிரக் சிக்கி நிற்கும். 2008 ஏப்ரலில் ஒரு கேமராவை ஜன்னலோரம் பாலத்தைப் பார்த்து வைத்தார். மோதல் நடந்தால் அந்தத் துண்டை வெட்டி இணையத்தில் போடுவார். இவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் வருடக்கணக்கில் விடாமல் செய்தார். 2015 முடிவதற்குள் நூறு மோதல் சேர்ந்துவிட்டது, ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று. அதற்கு முன்னால் 68 வருடம் எத்தனை வண்டி இடித்தது என்று யாரிடமும் கணக்கு இல்லை. நடக்கிறதை நடக்கிறபடி பதிவு செய்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சிரிப்புக்காகப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பதிவு இல்லையென்றால் இந்த மூலையைப் பற்றி நகரத்தில் ஒருத்தரும் கூட்டம் போட்டுப் பேசியிருக்க மாட்டார்கள்.

அந்த வீடியோக்களை ஒன்றுக்கு மேல் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இடிப்பவர்களில் பெரிய பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிற தொழில்முறை ஓட்டுநர்கள் குறைவு. பெரும்பாலும் வீடு மாற்ற வாடகைக்கு எடுத்த பெட்டி டிரக். அமெரிக்காவில் 26,000 பவுண்டு எடைக்குக் கீழே இருக்கும் டிரக்கைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். காலையில் வரைக்கும் செடான் ஓட்டியவர், மத்தியானம் 26 அடி நீள டிரக்கை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்குகிறார். அதன் உயரம் 13 அடி அளவில் இருக்கும். கேபினுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் உயரத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் அன்றைக்கு அவர் தலையில் இருப்பது சோபா, ஃபிரிட்ஜ், சாவி கொடுக்க வேண்டிய நேரம், பின்னால் காரில் வரும் குழந்தை. தன் தலைக்கு மேலே இன்னும் அஞ்சு அடி வண்டி இருக்கிறது என்பது உடம்பில் ஏறவே இல்லை. காரோட்டிக்குத் தலைக்கு மேல் என்றால் வானம்.

இடிக்கிற விதத்தையும் கவனித்திருக்கிறேன். பெட்டியின் கூரை கெட்டித் தகடு கிடையாது. மெல்லிய அலுமினியத் தாளை ஓரத்துச் சட்டத்தில் ரிவெட் அடித்து வைத்திருக்கிறார்கள். முன்பக்க மேல் விளிம்பு உத்திரத்தில் முட்டியதும் முன்சட்டம் விட்டுக்கொடுக்கிறது. அதன் பிறகு தாளைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. வண்டி முன்னே போகப் போக ரிவெட்டுகள் வரிசையாகத் தெறிக்க, கூரை பின்னால் உருண்டுகொண்டே போகிறது. கொஞ்சம்தான் உயரம் அதிகம் என்றால் கூரையை மட்டும் இழந்து மறுபக்கம் போய்விடும். நிறைய உயரம் என்றால் பெட்டியே பின்னுக்குத் தள்ளப்பட்டு வண்டி அப்படியே நின்றுவிடும்.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி. இத்தனை வருடம் ஏன் இதைச் சரி செய்யவில்லை?

முதலில், ரோட்டைத் தோண்டித் தாழ்த்தலாமே என்பார்கள். முடியாது. சாலைக்கு அடியில் நாலடி ஆழத்திலேயே ஊரின் பெரிய கழிவுநீர்க் குழாய் ஒன்று போகிறது. குடிநீர்க் குழாய் என்றால் அழுத்தத்தில் ஓடும், வளைத்து விடலாம், சுற்றி விடலாம். கழிவுநீர் சரிவில்தான் ஓடும். ஒரு இடத்தில் குழாயை ரெண்டடி இறக்கினால், அதற்குப் பிறகு வரும் தெருவெல்லாம் அதே அளவுக்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். ஒரு பாலத்துக்காக அத்தனை தெருவையும் கிளற வேண்டும்.

சரி, பாலத்தைத் தூக்கிவிடலாம் என்பார்கள். பாலத்தைத் தூக்க ஜாக்கி போதும். தண்டவாளத்தை அப்படித் தூக்க முடியுமா? சரக்கு ரயில் பாதையில் நூறு அடிக்கு ஒரு அடி ஏற்றம் என்பதே அதிகம். 13 அடி 6 அங்குல லாரி போக வேண்டும் என்றால் குறைந்தது ரெண்டு அடி தூக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் இருநூறு அடிக்கு மேல் மண்ணும் ஜல்லியும் கொட்டி மேடு கட்ட வேண்டும், மேட்டின் உச்சியும் அடிவாரமும் வளைந்து கொடுக்க இன்னும் கொஞ்ச தூரம் வேண்டும். வெட்டவெளி என்றால் செய்யலாம். இது ஊரின் நடு. பக்கத்திலேயே டியூக் தெருவில் இதே தண்டவாளம் ரோட்டைத் தரைமட்டத்தில் கடக்கிறது. தண்டவாளம் உயர்ந்தால் அந்தக் கிராசிங்கும் கூடவே உயரும். உயர்ந்தால் என்ன? தாழ்வான டிரெய்லரும் நீளமான பஸ்ஸும் அந்த மேட்டில் வயிறு தட்டி நிற்கும். 2017 மார்ச்சில் மிசிசிபி மாநிலம் பிலாக்சியில் அதுதான் நடந்தது. மேடான கிராசிங்கில் ஒரு சுற்றுலா பஸ் சிக்கி நின்றது, சரக்கு ரயில் வந்து அடித்தது, நாலு பேர் செத்துப் போனார்கள். கூரை உரிவதை நிறுத்தப்போய் அதை வரவழைத்துக்கொள்ளக் கூடாது. 'பாலத்தைத் தூக்கு' என்று வீடியோவுக்குக் கீழே எழுதுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசித்தால் நன்றாயிருக்கும்.

மூன்றாவதாக, நம் ஊர் சுரங்கப்பாதைகளுக்கு முன்னால் வைப்பார்களே, சிவப்பு வெள்ளை பூசிய உயரத் தடுப்புக் கம்பி, அதைத் தெரு ஆரம்பத்திலேயே வைக்கலாமே? இதுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அங்கேயும் ஒரு சிக்கல். பாலத்தை ஒட்டி, தண்டவாளத்துக்குப் பக்கவாட்டில் பீபாடி தெரு ஓடுகிறது. அந்த உணவகங்களுக்கும் கடைகளுக்கும் சரக்கு இறக்கும் லாரிகள் கிரெக்சனில் வந்து பாலத்துக்கு முன்னால் பீபாடியில் திரும்புகின்றன. அவை உயரமான லாரிகள். பாலத்துக்கு அடியில் போகப் போவதில்லை, ஆனால் பாலம் வரைக்கும் வந்தாக வேண்டும். முன்னாலேயே கம்பி வைத்தால் அவர்கள் வியாபாரம் நின்றது. புகையிலைக் கிடங்கைக் கடைகளாக்கி ஊரைக் காப்பாற்றியதால் வந்த கட்டுப்பாடு இது.

ஆக, அடியில் சாக்கடை, மேலே ரயில், பக்கத்தில் கடை. மூன்று பேருக்கும் அவரவர் நியாயம். நடுவில் மாட்டுவது எங்கிருந்தோ வருகிற டிரக்.

நகராட்சி சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. வரும் வழியில் எச்சரிக்கைப் பலகைகள் வைத்தார்கள். உயரம் அளக்கும் சென்சார் வைத்து, உயரமான வண்டி வந்தால் மஞ்சள் விளக்குகள் மின்னும்படி செய்தார்கள். மின்னியது, இடித்தார்கள். 2016-இல் பீபாடி முக்கில் சிக்னல் வைத்தார்கள். சென்சார் உயரமான வண்டியைக் கண்டால் சிக்னல் சிவப்பாகும், கூடவே 'உயரம் அதிகம், திரும்பியே ஆக வேண்டும்' என்று ஒரு மின்பலகை எரியும். சிவப்பில் நிற்கும்போது படிக்க நேரம் கிடைக்குமே என்ற எண்ணம். நல்ல யோசனை. ஆனாலும் சிக்னல் மஞ்சளுக்கு மாறியதும் அதைத் தாண்டிவிட வேகமெடுத்து நேராக உத்திரத்துக்குப் போனவர்கள் உண்டு. நின்று, பலகைக்கு எதிரிலேயே காத்திருந்து, பச்சை விழுந்ததும் கிளம்பிப் போய் இடித்தவர்களும் உண்டு. பலகை யாரையோ சொல்கிறது என்று நினைத்திருப்பார்கள். தன் வண்டியின் உயரம் தெரியாதவனுக்கு 'உயரம் அதிகம்' என்ற எழுத்து அடுத்தவனுக்கு எழுதியதாகத்தான் தெரியும்.

அப்பா எங்களோடு இருக்க வந்திருந்தபோது அவரை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முந்தின நாள் இரவு ஹெனின் வீடியோக்களை டிவியில் போட்டுக் காட்டியிருந்தேன். என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா முகத்தில் சிரிப்பே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இவங்கூட கிளீனர் யாரும் போறதில்லையா?" என்றார்.

"இல்லைங்கப்பா. இங்க டிரைவர் மட்டுந்தான்."

"அப்ப எறங்கிப் பாக்கறது யாரு?"

இத்தனை வருடமாக எஞ்சினியர்களின் விளக்கம், நகராட்சியின் விளக்கம் எல்லாம் படித்திருந்தேன். அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

மறுநாள் நேரில் பாலத்துக்கு முன்னால் நடைபாதையில் நின்றோம். அப்பா முதலில் பாலத்தைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். "மேல மேல தார் போட்டிருக்காங்களா?" என்றார். ஊரில் பாலத்துக்கு அடியில் தார் போடப் போட உயரம் குறையும், எழுதி வைத்திருக்கிற கணக்கு பழசாகவே இருக்கும். பிறகு உத்திரத்தின் கீழ் விளிம்பைக் கையைக் காட்டிக் காட்டி எனக்கு விளக்கினார். உரசின தடம் அடுக்கடுக்காக இருந்தது. வெள்ளை பெயின்ட், மஞ்சள் பெயின்ட், ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்ட தகட்டு நார். "இது லோடு எறக்கிட்டு வந்த வண்டி" என்று ஒரு தடத்தைக் காட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அது வெறும் ஊகம்தான், ஆனால் சொன்ன காரணம் சரியானது. காலி வண்டி ஸ்பிரிங் நிமிர்ந்து உயரமாக நிற்கும், லோடு ஏற்றினால் அமுங்கும். போகும்போது லோடோடு உரசாமல் போன அதே பாலத்தில் திரும்பி வரும்போது காலி வண்டி தட்டும். "போன வழிதானேன்னு வந்துருவான். அங்கதான் மாட்டுவான்."

அப்பா ஓட்டிய காலத்தில் வைக்கோல் லோடு, தேங்காய் நார் லோடு என்றால் வண்டியின் உயரம் வண்டிக்கே தெரியாது. ஏற்றுகிற ஆளின் கையில்தான் இருக்கிறது. அதனால் தாழ்வான பாலமோ தொங்கும் ஒயரோ வந்தால் கிளீனர் இறங்கியே ஆக வேண்டும். லோடு மேலே ஏறி உட்கார்ந்து மூங்கில் கழியால் ஒயரைத் தூக்கிப் பிடிப்பார். பாலம் என்றால் முன்னால் போய் நின்று, மேலே பார்த்துக்கொண்டே கையைக் காட்டுவார். 'வா... வா... வா... ஹோல்டான்!' வண்டி ஆமை நடையில் வரும். உரசுகிற மாதிரி இருந்தால் அதே இடத்தில் நிற்கும். கொஞ்சம்தான் தட்டுகிறது என்றால் டயரில் காற்றை இறக்கி ஓட்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி காற்றடிப்பார்கள். சின்ன வயதில் லீவு நாட்களில் அப்பாவோடு வண்டியில் போயிருக்கிறேன். கிளீனர் அண்ணன் இறங்கினாலே எனக்குக் குஷி. ஒரு வண்டிக்கு ரெண்டு ஜோடிக் கண் வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு என்பது இப்போதுதான் புரிகிறது.

டர்ஹமில் அந்த ரெண்டாவது ஜோடிக் கண்ணுக்குப் பதிலாகச் சென்சார் வைத்திருக்கிறார்கள். சென்சார் சரியாகத்தான் அளக்கிறது. ஆனால் அது வண்டிக்கு முன்னால் வந்து நின்று மறிப்பதில்லை. கிளீனர் 'ஹோல்டான்' என்று கத்தினால் அது யாருக்கு என்று ஓட்டுநருக்குச் சந்தேகமே வராது.

கிளம்பும்போது அப்பா கேட்டது இன்னொன்றும் நினைவிருக்கிறது. "இடிச்சவங்களுக்கு இன்சூரன்ஸ் குடுக்கறாங்களா?" வாடகை டிரக்குகளுக்கு எடுக்கும் பாதுகாப்புத் திட்டங்களில் பலவற்றில் கூரை இடித்த சேதத்தைச் சேர்ப்பதில்லை என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டார். வீடு மாறுகிற குடும்பம், பெரும்பாலும் காசு இல்லாததால்தான் ஆள் வைக்காமல் தாங்களே டிரக் எடுக்கிறார்கள். வீடியோவில் பத்து விநாடியில் முடிந்துபோகிற சம்பவத்துக்கு அவர்கள் எத்தனை மாதம் கட்டியிருப்பார்கள்?

2019-இல் ஒருவழியாகப் பாலத்தைத் தூக்கினார்கள். ரயில் பாதை இன்றைக்கும் அதே நார்த் கரோலினா ரெயில்ரோடு கம்பெனிக்குத்தான் சொந்தம். பங்குகள் முழுக்க மாநில அரசின் கையில், ரயில் ஓட்டும் உரிமை குத்தகைக்கு. அந்தக் கம்பெனி ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலர் செலவில், அக்டோபர் கடைசியில் வேலையைத் தொடங்கி நவம்பர் முதல் வாரத்தில் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தியது. இப்போது இடைவெளி 12 அடி 4 அங்குலம், 3.76 மீட்டர். மேலே எழுதினேனே, அந்தக் கிராசிங்குகள், அந்த ஏற்றம், அதற்கெல்லாம் உட்பட்டுக் கிடைத்த இடம் அவ்வளவுதான். 79 வருடத்துக்குப் பிறகு 8 அங்குலம். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 12 அடி உயரமுள்ள நடுத்தர டிரக்குகள் முன்னால் கூரையை இழந்தன, இப்போது அவை தட்டாமல் போகின்றன. அப்படிப் போகிற வண்டியை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

தூக்கிய சில வாரங்களுக்குள்ளேயே ஒரு டிரக் வந்து இடித்தது. இணையத்தில் ஒரே கொண்டாட்டம், 'பாலம் தோற்கவில்லை' என்று. இன்று வரை இடிக்கிறார்கள், முன்பைவிடக் குறைவாக. 13 அடி வண்டிக்கு 12 அடி 4 என்றாலும் போதாது.

இதே மாதிரி இடங்கள் உலகில் வேறும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் மான்டேக்யூ தெருப் பாலம் 1914-இல் போட்டது, இடைவெளி 3 மீட்டர்தான். அங்கேயும் வருடாவருடம் வண்டிகள் மாட்டுகின்றன. பழைய ஊர் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு மூலை இருக்கும் போல. ஆனால் கிரெக்சன் தெருவில் இருப்பது போல ஒருவர் விடாமல் உட்கார்ந்து பதிந்துவைத்த வரலாறு வேறு எந்தப் பாலத்துக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, கேரி, மோரிஸ்வில் பக்கமிருந்து டர்ஹமுக்கு வீடு மாறப் போகிற நம் ஆட்களுக்காக. டிரக் எடுத்தவுடன் கேபினில் ஒட்டியிருக்கும் உயரத்தைப் பாருங்கள், பார்த்து வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள், பக்கத்தில் உட்காருபவரையும் சொல்ல வையுங்கள். போனில் இருக்கிற மேப் காருக்கு வழி சொல்வது, உங்கள் கூரை அதற்குத் தெரியாது. டர்ஹம் நடு ஊரில் கிரெக்சன் தெருவுக்குள் போகாமலே வழி போட்டுக்கொள்ளுங்கள். எப்படியோ போய்விட்டீர்கள், சிக்னல் சிவப்பாகிவிட்டது, முன்னால் பலகை எரிகிறது என்றால், அது உங்களுக்குத்தான். பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும். பக்கத்தில் இருப்பவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பீபாடியில் திரும்பிவிடுங்கள்.